டென்ட் பூபதி

தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. என்ற காரை உங்க லாரில ஏத்தறப்ப சங்கிலி மாட்ட ஒத்தாசை பண்ணினானே ஒருத்தன், நீலச் சட்டை, நரைச்ச மீசை, உங்க தோள் மேல கையப் போட்டுப் பேசிட்டிருந்தானே, அவன் என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானுங்களா? ஒண்ணும் சொல்லலையா? சும்மா பேசிட்டிருந்தீங்களா? அவ்வளவு நேரம் சும்மா என்னங்க பேச்சு? சரி விடுங்க. உங்க நம்பரே அவன் குடுத்ததுதானே. அவனுக்கு ஊர் உலகத்துல தெரியாத ஆளே கெடையாது. அதுதான் எனக்கு ஆகமாட்டேங்குது.

பேரு ஜெபராஜ். ஆத்தூர்க்காரன். அவனுக்கும் எனக்கும் சண்டை கிண்டை ஒண்ணும் இல்லீங்க. பொறாமையும் இல்ல. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன், அப்புறம் நீங்க ஒண்ணு நெனைச்சுக்கக் கூடாது பாருங்க.

பெருந்துறை போய்ச் சேர எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகுமில்லீங்க? அப்ப சொல்றேன். சும்மா வந்தாத் தூக்கம் வரும், உங்களுக்கும் எனக்கும்.

எங்களுது ஒரு கார் கிளப்புங்க. ஈரோடு, சேலம், நாமக்கல்லு, இந்தப் பக்கத்து ஆளுங்க ஒரு நாப்பது பேரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா சனி ஞாயிறு நீங்க காரை ஏத்தின இந்த ரேஸ் ட்ராக்கை வாடகைக்கு எடுப்போம். பந்தயமெல்லாம் இல்லீங்க. அவனவன் சொந்தக் காரு. ரோட்டுல மிதிக்க முடியாத மிதியை இங்க வந்து மிதிச்சுட்டு, திங்கக்கெழமை அதே காருல ஆபீசு போறது. பைத்தியந்தான். என்ற சம்சாரமும் அதைத்தான் சொல்லுவா.

கிளப்புக்குத் தலைவர் டாக்டர் ருக்மாங்கதன். பல்லு டாக்டரு. வசதியான மனுசன், ஆனா தங்கமான மனுசன். முக்காவாசிப் பேரு அவர்கூட மலையடிவாரத்துல ஒரு ரிசார்ட்டு இருக்குது பாருங்க, நீச்சக்கொளமெல்லாம் வெச்சு, அங்கதான் தங்குவாங்க. நானும் நாலு வருசம் அங்கதான் தங்கினேன். பம்புசெட்டுக் கம்பெனில ஏரியா மேனேஜர் நானு. மூணு மாவட்டம் என்ற கையில. ரூமுக்குக் குடுக்கறதெல்லாம் ஒரு காசாவே தெரியாது அப்ப.

அப்புறம் டென்டுக்கு மாறினேன். காருங்க நிறுத்தற ஷெட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்தடில நல்ல எடம் கெடக்குது, அங்க டென்டைப் போட்டுக்கிட்டா காசே கெடையாது. டாக்டர் கேட்டாரு, "என்ன பூபதி, ரூமு வேண்டாமா?"ன்னு. "ஏசி ரூம்ல படுத்தா மூச்சு முட்டுதுங்க டாக்டர், காத்தாட வெளிய படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே"ன்னேன். அவருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. "நம்ம பூபதி இருக்கானே, ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி, கட்டாந்தரைல படுப்பான்"னு. டென்ட் பூபதின்னே பேராயிருச்சு. நானும் விடல. மடக்கற நாற்காலி ரெண்டு, காப்பி போடற சின்ன அடுப்பு, தொங்கவிடற வெளக்கு, எல்லாம் வாங்கி வெச்சு ஜம்முனு இருப்பேன். ரிசார்ட்டுக்காரங்க காலைல வந்தா என்ற எடத்துலதான் மொதல் காப்பி. அந்த ஒண்ணரை மணி நேரம் பாருங்க, அத்தனை பேரும் என்னைச் சுத்தி நிப்பாங்க.

நீங்க வழில வந்த ஆளு, சொன்னா என்ன. வேலை போயிருச்சுங்க. ஒண்ணரை வருசம் ஆச்சு. கம்பெனியை வேற ஒருத்தன் வாங்கினான், பழைய ஆளுங்களுக்கெல்லாம் கும்புடு போட்டு அனுப்பிட்டான். கிளப்புல யாருக்கும் தெரியாது. இப்ப சும்மா கமிசனுக்கு அது இதுன்னு வித்துட்டிருக்கேன். மூணு மாசம் வயித்தக் கட்டி வாயக் கட்டிச் சேத்தாத்தான் இந்த ரெண்டு நாளு. ஏன் வரோணும்னு கேப்பீங்க. இங்க மட்டுந்தானுங்க என்னை இன்னும் மேனேஜரேன்னு கூப்பிடறாங்க.

அப்படி இருக்கறப்பத்தான் போன வருசம் இந்த ஜெபராஜ் வந்தான்.

வந்தது எதுல தெரியுமுங்களா? இருவது வருசத்துப் பழைய மாருதி ஜென்னு. அவனே பெயின்ட் அடிச்சது, பிரஷ்ல. கிட்டப் போய்ப் பாத்தா கோடு தெரியும். ஆத்தூர்ல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கான். சம்சாரம் ஸ்டெல்லா, காலேஜ் படிக்கற பொண்ணு, ஒரு பெரிய அலுமினியக் குண்டா, எல்லாத்தையும் அந்தக் காருக்குள்ளயே திணிச்சுக் கொண்டாந்துட்டான். நேரா என்ற வேப்பமரத்துக்கு வந்து, ஒரு நீலத் தார்ப்பாயை எடுத்து, ஒரு பக்கம் காருக் கதவுல மாட்டி மறுபக்கம் மரத்துல கட்டிட்டான். கேக்கக்கூட இல்ல. இல்ல, கேட்டான். "அண்ணா, இங்க கட்டிக்கலாங்களா?"ன்னான். கட்டிக்கப்பான்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்றது?

டாக்டர் வந்தாரு. "ஏப்பா, குடும்பத்தோட வந்திருக்கீங்க, ரிசார்ட்டுக்கு வரலாமே"ன்னாரு. அவன் தலையச் சொறியல, மென்னு முழுங்கல. சத்தமாச் சிரிச்சுக்கிட்டே, "காசு இல்லீங்க டாக்டர்!"ன்னான்.

அவ்வளவுதான். காசு இல்லீங்க டாக்டர். அத்தனை பேரு முன்னாடி. பொண்டாட்டி பக்கத்துல நிக்கறா, அவளும் சிரிக்கறா. டாக்டரும் சிரிச்சாரு, முதுகுல தட்டிக் குடுத்தாரு. எனக்கு மேலெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சுங்க தம்பி. ஒரு மனுசன் அதை எப்படிங்க அவ்வளவு லேசாச் சொல்றான்? வெக்கம் வேண்டாம்?

அன்னைக்கு மத்தியானம் அந்தம்மா கருவாட்டுக் கொழம்பு வெச்சுது. வாசம் புடிச்சு ஒருத்தன் வந்தான், அப்புறம் ரெண்டு பேரு. பொழுது சாயறதுக்குள்ள தார்ப்பாய்க்குக் கீழ பத்துப் பன்னெண்டு பேரு. ரிசார்ட்டுல ஒரு வேளைக்கு ஆயிரத்துச் சொச்சம் குடுத்த ஆளுங்க, இங்க வந்து தரையில சம்மணம் போட்டு உக்காந்து, "அக்கா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க"ன்னு கேக்கறாங்க. என்ற மடக்கு நாற்காலி ரெண்டும் காலியாக் கெடந்துச்சு. அடுத்த நாள் காலைல காப்பிக்கு மூணே பேருங்க. அதுல ஒருத்தரு சக்கரை வாங்க வந்தவரு, ஜெபராஜ் தார்ப்பாய்க்கு.

எனக்கும் ஒரு தட்டுல போட்டுக் குடுத்து அனுப்புவாங்க. ஒவ்வொரு தடவையும். நான் வேண்டாம்னு சொன்னதில்ல. நல்லா இருக்குங்க, அதான் எரிச்சலு. நல்லா இல்லாமப் போயிருந்தா ஒரு கொறை சொல்லியிருக்கலாம்.

சரி, சமையல் விடுங்க. காரு ஓட்டறதுலயாவது ஒரு மட்டு மருவாதி வேண்டாமா? ஆறு வருசமா ஓட்டறேன். அவன் வந்து அஞ்சாவது தடவை. பின் சீட்டு, கம்பளம், ரேடியோ எல்லாத்தையும் புடுங்கி மரத்தடில வெச்சுட்டு, எடை கொறைஞ்ச காருல வளைவுல என்ற வண்டியோடயே ஒட்டிக்கிட்டு வர்றான். என்ற காரு ஜெர்மன் கம்பெனிக் காருங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நேத்து சனிக்கெழமை காலைல டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. "செலவு தாங்காம போன வருசம் ஏழு பேரு நின்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. அதனால இந்த வருசத்துல இருந்து ஒரு சலுகை இடம். ஒருத்தருக்கு வருசம் பூராவும் நுழைவுக் கட்டணம் கெடையாது, டயர் ஒரு செட்டும் கிளப்பே வாங்கித் தரும். வேணுங்கறவங்க சாயங்காலத்துக்குள்ள என்கிட்டத் தனியா வந்து சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். காரணமெல்லாம் கேக்கமாட்டேன்"னாரு.

தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சுங்க. ஏன்னா இதுதான் எனக்குக் கடைசித் தடவைன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் வந்தேன். டயர் தேஞ்சு போச்சு, கிளச்சு கடைசி மூச்சுல இருக்குது. அடுத்த தடவைக்கு வழியே கெடையாது. கடவுளாப் பாத்துக் குடுக்கறாருன்னு நெனைச்சேன்.

மூணு தடவை போனேனுங்க டாக்டர்கிட்ட. மொதல் தடவை போனதும் என்ன சொன்னேன் தெரியுமா? "பல்லு கூசுதுங்க டாக்டர்"ன்னேன். கூசல. ரெண்டாவது தடவை போய் ரிசார்ட்டுல சாப்பாடு எப்படீங்கன்னு கேட்டுட்டு வந்தேன். மூணாவது தடவை, சொல்லியே போடறதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுப் போறேன், அவரே என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. "பூபதி, நல்ல வேளை வந்தே. ஒருத்தனும் வந்து கேக்கலப்பா. எனக்கென்னமோ ஜெபராஜுக்குக் குடுக்கலாம்னு தோணுது. நீ அவன் பக்கத்துலயே இருக்கற. நெசமாவே கஷ்டப்படறானா? நீ சொன்னா சரி"ன்னாரு.

என்னைக் கேக்கறாருங்க. என்னை!

எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியல. "கஷ்டமா? அவனுக்கா? சொந்த வீடு, ரோட்டு மேல கடை, பொண்ணைக் காசு கட்டிப் படிக்க வெக்கறான். டென்டுல கெடக்கறவனெல்லாம் இல்லாதவனுங்களா டாக்டர்? நானுந்தான் டென்டுல கெடக்கறேன். எனக்கென்ன காசா இல்ல?"ன்னுட்டேன்.

டாக்டர் யோசிச்சாரு. "அதுவும் சரிதான்"னாரு.

சிரிக்காதீங்க தம்பி, ரோட்டப் பாருங்க. எனக்கு அப்பவே ஒறைச்சிருச்சு. ஆனா சொன்ன வார்த்தைய அள்ள முடியுமா?

இன்னைக்குக் காலைல கடைசி ஓட்டம். இங்க ஒரு கட்டுப்பாடு இருக்குதுங்க. முந்தறதா இருந்தா முன்னாடி போறவன் சன்னல் வழியா கையை நீட்டி, இந்தப் பக்கம் போன்னு காட்டோணும். காட்டினாத்தான் பின்னாடி வர்றவன் முந்தலாம். காட்டாம யாரும் முந்தக்கூடாது, பின்னாடி வேகமான வண்டி வந்தா காட்டாம இருக்கவும் கூடாது. புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கறதே நாந்தான். ஜெபராஜுக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.

ரெண்டாவது சுத்துலயே கண்ணாடில பாத்தா அந்த ஜென்னு. வெளக்கு ஒருக்கா போட்டுக் காட்டினான். நான் கை நீட்டல. நேர் ரோட்டுல என்ற காரு ஓடீரும், வளைவுல வந்து ஒட்டிக்குவான். மறுக்கா வெளக்கு. நீட்டலையே! நாலு சுத்துங்க. ஓரத்துல நின்ன ஆளு என்னைப் பாத்து நீலக் கொடிய ஆட்டறாரு, வழி விடுன்னு. எனக்குத் தெரியலையா என்ன, நல்லாவே தெரிஞ்சுது. பிரேக்கு கருகற வாசம் வருது, மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான், இதையாச்சும் உனக்குக் குடுக்கமாட்டேன்டா.

கடைசில கறுப்புக் கொடி காட்டி என்னை உள்ள வரச் சொல்லிட்டாங்க. ஆறு வருசத்துல மொதல் தடவை. ஷெட்டுல காரை நிறுத்தறேன், தார்ப்பாய்ல இருந்து ஒரே சிரிப்புச் சத்தம். என்னைப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு ஒரு வெறி வந்துச்சு பாருங்க, கை பிரேக்கை முழுசா இழுத்து விட்டுட்டு எறங்கிட்டேன்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவு சூட்டோட வந்து கை பிரேக்கை இழுத்தா பின் சக்கரம் ரெண்டும் இறுகிப் புடிச்சுக்கும். கியருல போட்டுட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை வெச்சுட்டு வரோணும். அதையும் நாந்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறது. கெரகம்!

அவங்க சிரிச்சது வேற எதுக்கோ. அந்தப் பொண்ணு ஏதோ காலேஜுக் கதை சொல்லிட்டிருந்துச்சு.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். ஜெபராஜ் என்ற பக்கத்துல வந்து உக்காந்தான். "அண்ணா, கண்ணாடில என்னைக் கவனிக்கல போல இருக்குது"ன்னான். ஆமாப்பா, வெயில் கண்ணைக் கூசுச்சுன்னேன். அவனும் ஆமாண்ணா, நல்ல வெயிலுன்னான். கோவம்னா கோவமாப் பேசோணும். இவன் பேசமாட்டான்.

அப்ப டாக்டர் எந்திரிச்சாரு. "சலுகை இடத்துக்கு யாரும் கேட்டு வரல. ஆனா ஒரு வேடிக்கை நடந்துச்சு. நேத்து ராத்திரி ஜெபராஜ் எனக்குப் போன் பண்ணினான். தனக்கில்லையாம், நம்ம பூபதிக்குக் குடுக்கணுமாம். டென்ட் பூபதிக்கு!"ன்னாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. டாக்டரும் சிரிச்சுக்கிட்டே என்னைப் பாத்து, "என்ன பூபதி, வேணுமா?"ன்னாரு.

வேணுமான்னு கேக்கறாருங்க. நாப்பது பேரு பாக்கறாங்க. தலையாட்டினாப் போதும். ஒரு வருசம் ஓட்டலாம், புது டயரு, நாலு தடவை மேனேஜரே மேனேஜரேன்னு... தலையை மட்டும் ஆட்டினாப் போதும்.

நானு என்ன பண்ணினேன்? அத்தனை பேரையும் விடச் சத்தமாச் சிரிச்சேன். சிரிச்சதோட விட்டனா? "அட என்னங்க டாக்டர், நானே ஒருத்தருக்குக் கட்டலாம்னு இருக்கேன். எழுதிக்குங்க, அடுத்த தடவை ஜெபராஜோட கட்டணம் என்ற செலவு!"ன்னுட்டேன். கை தட்டறாங்க! அந்தம்மா ஸ்டெல்லா மட்டும் தட்டல. தட்டுல இருந்து தலையைத் தூக்காம இருந்துச்சு. டாக்டர், சரி சலுகையை யாருக்குன்னு நாளைக்குள்ள முடிவு பண்றேன்னு உக்காந்துட்டாரு.

அதுக்கு மேல அங்க எப்படிங்க இருக்கறது? டென்டைச் சுருட்டிப் போட்டுட்டுக் காரை எடுத்தேன். நகரல. பின் சக்கரம் புடிச்சுக்கிட்டது அப்பத்தான் தெரியுது. எறங்கி ஒருத்தனைக் கூப்பிட்டுத் தட்டி எடுத்திருக்கலாம். எல்லாரும் பாக்கறாங்களேன்னு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிச்சேன். ஒரு பொகை வந்துச்சு பாருங்க, கிளச்சு போச்சு. மிச்சந்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஏத்தறப்ப அவன் என்ற காதுகிட்ட வந்து சொல்றான், "அண்ணா, உங்க பழைய கம்பெனி மோட்டாரெல்லாம் என் கடைக்குத்தான் வருது. உங்க வேலை போனது எனக்கு ஒரு வருசமாத் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லல. டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?"ன்னு. ஒரு வருசமாத் தெரியுமாம்! தெரிஞ்சு வெச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொழம்பு ஊத்திக் குடுத்திருக்கான். இதுக்குப் பேரு என்னங்க? நல்ல மனசா? நல்ல மனசா இருந்தா எனக்குத் தெரியற மாதிரியா இருக்கறது?

இருங்க, போன் வருது. டாக்டர்.

வணக்கங்க டாக்டர். ஆமாங், கெளம்பிட்டேன், அவிநாசி தாண்டியாச்சு... யாரு சொன்னது? ஜெபராஜா? அட அவன் ஏதோ தெரியாமச் சொல்றானுங்க... வேலையெல்லாம் நல்லாப் போயிட்டிருக்குதுங்க. ஆமாங்... இல்லீங்க டாக்டர், மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது... கேக்குதுங்க... உங்க அன்பு எனக்குத் தெரியாதுங்களா... வேண்டாங்க. நெசமா வேண்டாங்க... யாருக்கு? ஜெபராஜுக்கேவா? ... இருக்கேனுங்க, லைன்லதான் இருக்கேன். குடுங்க டாக்டர். தாராளமாக் குடுங்க. நல்ல பையன். கஷ்டப்படறவன்... சரிங்க. வெச்சிர்றேனுங்க.

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா? கடைசில என்ற வாயாலயே குடுக்க வெச்சுட்டான் பாருங்க! அவனுக்கு வருசம் பூராவும் இலவசம், புது டயரு வேற. நான் கட்டறேன்னு சொன்ன கட்டணமும் இனி தேவையில்ல. அதுலயும் எனக்கு ஒரு பேரு இல்லாமப் பண்ணிட்டான்.

கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டிலை எடுங்க.

ஏனுங்க தம்பி, உங்க ஓனருகிட்ட இந்த மாதிரி எத்தனை வண்டி ஓடுது? ஆறா? ஓட்டறதுக்கு ஆளுங்க போதுதா? இல்ல, நல்லா வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு. கனரக லைசென்சு இருக்குது, கம்பெனி லாரியெல்லாம் எடுத்துப் பழக்கந்தான், ராத்திரி பகலு பாக்கமாட்டான்... எனக்குத்தானுங்க. ஆமா, எனக்குத்தான். கேட்டுப் பாருங்க, நாளைக்கே வரச் சொன்னாலும் வர்றேன்.

ஆனா ஒண்ணு தம்பி, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஜெபராஜ் காதுக்கு மட்டும் இது போகக்கூடாது. தெரிஞ்சா இன்னைக்கே உங்க ஓனருக்குப் போன் பண்ணி எனக்குச் சிபாரிசு பண்ணிப்போடுவானுங்க.